மட்டாஞ்சேரியின் மூன்று வரிசைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொச்சி பற்றிய உங்கள் கட்டுரையில் மட்டாஞ்சேரி யூத ஆலயத்துக்கு இரண்டே வரி. போன மாதம் குடும்பத்தோடு அங்கே போயிருந்தோம். உலகமெல்லாம் விரட்டப்பட்ட யூதர்கள் ஒரு தொல்லையும் இல்லாமல் வாழ்ந்த ஊர் இது என்றார் வழிகாட்டி. பெருமையாக இருந்தது. நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

வழிகாட்டி பொய் சொல்லவில்லை. கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார், 1568-ல் அந்த ஆலயம் எழுந்தது. 1662-ல் அதைச் சிதைத்தவர்கள் போர்ச்சுக்கீசியர்கள், உள்ளூர்க்காரர்கள் அல்ல.

அதற்கெல்லாம் முன்பே, கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னர் பாஸ்கர ரவி, யூதர் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு ஒரு செப்பேடு கொடுத்திருக்கிறார். வட்டெழுத்து என்பதால் கண்ணுக்குத்தான் அந்நியம். யாராவது வாசித்துக் காட்டினால் பகல்விளக்கு, பாவாடை, குடை, காளம், தோரணம் என்று எல்லாம் நம் காதுக்குப் பழகிய சொற்கள். பாவாடை என்பது இங்கே நடக்கும் வழியில் விரிக்கும் துணி. உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் எடைக்கூலியும், கட்ட வேண்டியதில்லை. இப்படி மொத்தம் 72 உரிமைகள். அவற்றுக்குச் செப்பேடு வைத்த பெயர் வீடுபேறு! நாம் அந்தச் சொல்லை மோட்சத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

சரி, நான் ஏன் எழுதவில்லை? 'யூதர்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லத் தயக்கமாக இருந்தது. நீங்கள் பார்த்தது பரதேசி ஆலயம். பரதேசி என்றால் இங்கே வெளிதேசத்தார். ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிற்காலத்தில் வந்தவர்களுடையது. அவர்கள் தங்களுக்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்த மலபார் யூதர்களைக் கறுப்பு யூதர் என்றார்கள், பெண் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை. அதற்கும் கீழே ஒரு வரிசை உண்டு. பரதேசிகளிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழிவந்தவர்கள், மெஷுக்ராரிம் எனப்பட்டவர்கள். ஆலயத்துக்குள் அவர்கள் தரையில்தான் உட்காரலாம், வேதச்சுருளை வாசிக்கக் கூடாது. வழிகாட்டிகள் சீனாவின் கான்டனிலிருந்து வந்த நீல ஓடுகளைக் காட்டி, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது என்பார்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்ற பேச்சு வராது.

அந்த மூன்றாம் வரிசையில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. சென்னையில் சட்டம் படித்தார், கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், 1929 லாகூர் காங்கிரசுக்குப் போனார். அப்புறம் காந்தியிடம் கற்றதைத் தன் சொந்த ஆலயத்திலேயே பிரயோகித்தார். வழிபாட்டைப் புறக்கணித்தார், விடாமல் வாதாடினார். வருடக்கணக்கில் இழுத்து, கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூத காந்தி என்று அவரை அழைத்தார்கள். ஆனாலும் 1950-ல் அவர் மகன் ஒரு பரதேசிப் பெண்ணை மணந்தபோது கல்யாணம் பம்பாயில்தான் நடந்தது.

அந்தப் பத்தாண்டிலேயே மலபார் யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கிளம்பிவிட்டார்கள். சேலம் போகவில்லை. 1967-ல் இறக்கும்வரை கொச்சியிலேயே இருந்தார்.

ராஜா கொடுத்த இடத்தைப் பற்றிப் பெருமைப்படுங்கள், தவறில்லை. ஆனால் பந்தியில் வரிசை பிரிக்கும் வித்தையையும் இந்த ஊர்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்பது என் எண்ணம்.

அடுத்த முறை போனால் யூதத் தெருவின் மறுமுனைவரை நடந்து பாருங்கள். மலபார் யூதர்களின் கடவும்பாகம் ஆலயம் அங்கே இருக்கிறது. 1544-ல் கட்டியது, பரதேசி ஆலயத்தைவிட 24 வருடம் மூத்தது. ஆட்கள் போன பிறகு கயிற்றுக் கிடங்காக இருந்தது. 2019-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.