ஈவா ஹெஸ்ஸேயின் பெட்டி

அன்புள்ள ஐயா,

வெறும் பெட்டியும் கட்டமுமாகச் சுருங்கிய மினிமலிசச் சிற்பங்கள் பற்றிய உங்கள் குறிப்பில் ‘பிறகு ஈவா ஹெஸ்ஸே வந்து எல்லாவற்றையும் குலைத்தார்’ என்று அந்தச் சிற்பியை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இணையத்தில் தேடினால் தொங்கும் கயிறும் பழுப்பேறிய ரப்பரும்தான் கிடைக்கின்றன. மினிமலிசச் சிற்பி டொனால்ட் ஜட்டின் பெட்டிகள்மீது இவருக்கு என்ன கோபம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

‘குலைத்தார்’ என்றது என் அவசரம். கோபமெல்லாம் இல்லை. மினிமலிசக் கலைஞர் சோல் லெவிட் அவருடைய நெருங்கிய நண்பர். இன்னொரு மினிமலிசச் சிற்பி கார்ல் ஆந்த்ரேயின் சிற்பங்கள் அவருக்கு மிகவும் பிடிக்கும். அவர்களுடைய பெட்டியையே ஹெஸ்ஸேயும் எடுத்துக்கொண்டார்.

‘அக்செஷன் 2’ என்ற அந்தப் பெட்டி இப்போது டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துத்தநாகம் பூசிய எஃகு, இடுப்பளவு உயரம்கூட இல்லை, மேற்புறம் திறப்பு. பட்டறையில் செய்து வாங்கியது. இதுவரை ஜட் செய்ததாகவே சொல்லிவிடலாம். ஆனால் அதில் 30,670 துளைகள். ஒவ்வொன்றிலும் கையால் கோத்த பிளாஸ்டிக் குழாய். வெளியே பாய் முடைந்ததுபோல ஒழுங்கான கட்டங்கள். எட்டி உள்ளே பார்த்தால் முழுக்க மயிர் சிலிர்த்து நிற்கிறது! கைவிட ஆசையாகவும் இருக்கும், கூசவும் செய்யும். பெட்டிக்கு வயிறு உண்டு என்று ஜட் நமக்குக் காட்டியதில்லை.

கயிறு வந்த கதை வேறு. ஹெஸ்ஸே ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பிறந்த யூதக் குழந்தை, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்ப ரயிலேற்றி அனுப்பப்பட்டவர். 1964இல் சிற்பியான கணவருடன் அதே ஜெர்மனிக்குப் போய்ப் பழைய நெசவாலை ஒன்றில் தங்கினார். ஓவியராகப் போனவர், அங்கே கிடந்த கயிறுகளை ஒட்டி ஒட்டித்தான் சிற்பியானார்.

1968இல் செய்த ‘ரெப்பெடிஷன் நைன்டீன் 3’ஐயும் பாருங்கள். பத்தொன்பது ஃபைபர்கிளாஸ் வாளிகள். ஒரே வடிவம்தான், ஆனால் ஒன்றுகூட நேராக நிற்காது. இப்படித்தான் அடுக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. மினிமலிசத்துக்கு உயிரான ‘ஒன்றுபோல் ஒன்று’ இங்கே தள்ளாடுகிறது. இந்தப் போக்குக்குப் போஸ்ட்மினிமலிசம், அதாவது மினிமலிசத்துக்குப் பிந்தையது, என்று பின்னால் பேர் வைத்தார்கள்.

ரப்பர் பழுப்பேறியது பற்றி. பீரோவில் கிடந்த ரப்பர் பேண்டை எடுத்துப் பாருங்கள், தொட்டால் உதிரும். ஹெஸ்ஸே சிற்பங்களில் பயன்படுத்திய ரப்பர் பாலுக்கு ஆயுள் குறைவு என்பது அவருக்கும் தெரியும். விலை கொடுத்து வாங்குபவர்களை நினைத்துச் சங்கடப்பட்டிருக்கிறார். ஆனாலும் விடவில்லை. 1970இல், 34 வயதில், மூளைக்கட்டியால் இறந்துபோனார். திரைச்சீலைபோல மடிந்து நின்ற ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ என்ற அவருடைய ரப்பர் சிற்பம் காலப்போக்கில் கறுத்து விறைத்தது. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அதைப் பழுதுபார்த்து 2022இல் மீண்டும் காட்சிக்கு வைத்தது. நிறம் மட்டும் திரும்பவில்லை.