எக்ஸ்ரே முழுக்க வெள்ளையா இருந்தா இன்ஃபெக்‌ஷன எப்படி கண்டுபிடிப்பாங்க?

கேள்வி: டாக்டர், எங்க மாமா ஏஆர்டிஎஸ்னு (அழற்சியால நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு விட முடியாம போறது) ஐசியூல வென்டிலேட்டர்ல ஒரு வாரத்துக்கு மேல இருக்காரு. இப்ப மறுபடி காய்ச்சல். "புது இன்ஃபெக்‌ஷனா இருக்கலாம், கல்ச்சர் (கிருமிய வளர்த்து பார்க்கற டெஸ்ட்) வரட்டும்"ங்கறாங்க, ஆனா அது வர்றதுக்குள்ளயே ஆன்டிபயாடிக்க மாத்திட்டாங்க. இவ்ளோ மெஷின் இருந்தும் இருக்கா இல்லையானு சொல்ல முடியாதா?

பதில்: கோபம் நியாயம்தான், ஆனா இதுல மெஷின் பெருசா கைகொடுக்காது. சாதாரணமா நிமோனியா வந்தா எக்ஸ்ரேல புதுசா வெள்ளை திட்டு, காய்ச்சல், வெள்ளை அணு ஏறும், ஆக்சிஜன் இறங்கும், கண்டுபிடிச்சிடலாம். ஏஆர்டிஎஸ்ல இதெல்லாம் ஏற்கனவே இருக்கும், ஏன்னா காத்துப்பைகள்ல நீர் கோத்து ரெண்டு பக்க நுரையீரலும் வெள்ளையாதான் தெரியும், கிருமியே இல்லாம அந்த அழற்சியாலயே காய்ச்சலும் வரலாம். எக்மோல, அதாவது ரத்தத்த வெளில எடுத்து ஆக்சிஜன் ஏத்தி திருப்பி அனுப்பற மெஷின்ல இருந்தா இன்னும் மோசம், ரத்தத்தோட சூட்டை மெஷினே பிடிச்சு வச்சுக்கறதால காய்ச்சலே வெளில தெரியாம போகலாம்.

அதனால டியூப் வழியா சளிய உறிஞ்சியோ, பிராங்கோஸ்கோப்ங்கற கேமரா குழாய விட்டு சலைன்ல கழுவி எடுத்தோ கல்ச்சருக்கு அனுப்புவாங்க, கூடவே ரத்தமும். ரிசல்ட்டுக்கு 2, 3 நாள் ஆகும். பிபி இறங்குற பேஷன்ட்ட வச்சுக்கிட்டு அதுவரை காத்திருக்க முடியாது, அந்த ஐசியூல வழக்கமா வர்ற கிருமி எது, சூடோமோனாஸா அசினிடோபாக்டரானு பார்த்து அதுக்கு கேக்கற மருந்த ஆரம்பிச்சிடுவாங்க. உங்க மாமாவுக்கும் அப்படித்தான் மாத்தியிருப்பாங்க.

கல்ச்சர்ல ஏதாவது வளர்ந்தாலே இன்ஃபெக்‌ஷன்னு இல்ல, டியூப் போட்டவங்களுக்கு அதுல கிருமி சும்மா ஒட்டிக்கிட்டும் இருக்கும். சளில கேன்டிடாங்கற பூஞ்சை வந்தா பெரும்பாலும் மருந்தே வேணாம். காய்ச்சலுக்கு காரணம் நுரையீரலாவே இருக்கணும்னும் இல்ல, மருந்து ஏத்த கழுத்துல போட்ட லைன், யூரின் டியூப் எல்லாத்தையும் பார்க்கணும்.

ரிசல்ட் வந்ததும் அந்த கிருமிக்கு மட்டும் உள்ள மருந்துக்கு இறங்கணும், மருந்து மாத்தறதுக்கு முன்னாடி எடுத்த சாம்பிள்ல ஒண்ணும் வளரலைன்னா நிறுத்தறத பத்தி யோசிக்கணும். என்னக் கேட்டா ஆரம்பிக்கறத விட நிறுத்தறதுக்குதான் டாக்டருக்கு தைரியம் வேணும். வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு 7 நாள் கோர்ஸ்னுதான் 2016ல வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்லுது, ரத்தத்துல புரோகால்சிடோனின் (பாக்டீரியா இன்ஃபெக்‌ஷன்ல ஏறற ஒரு பொருள்) குறையுதானு பார்க்கறதும் நிறுத்த உதவும்.

நீங்க அவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க: சாம்பிள் எடுத்தது மருந்து மாத்தறதுக்கு முன்னாடியா பின்னாடியா, இந்த மருந்து தொடரணுமானு என்னிக்கு மறுபடி பார்ப்பீங்க?