கேள்வி – பதில்: க்ளோஸ் போடாத ஃபைல்

கே: ஃபைலைத் திறந்து எழுதும் ஃபங்ஷன் ஒன்றை லூப்பில் ஆயிரக்கணக்கான முறை கூப்பிடுகிறேன். எங்கும் க்ளோஸ் போடவில்லை. பைத்தான் மொழியின் வழக்கமான வடிவமான சிபைத்தானில் ஒழுங்காக ஓடியது. வேகத்துக்கான இன்னொரு வடிவமான பைபைக்கு மாற்றியதும் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று நின்றுவிடுகிறது. பைபையில் பிழையா?

ப: இல்லை, கோடில்தான் பிழை. ஒரு ஆப்ஜெக்ட்டை எத்தனை இடங்களிலிருந்து பிடித்திருக்கிறோம் என்ற எண்ணிக்கையை சிபைத்தான் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த எண்ணிக்கை பூஜ்யமாகும். ஆப்ஜெக்ட் அக்கணமே அழியும், கூடவே ஃபைலும் மூடப்படும். பைபையில் அந்த எண்ணிக்கையே கிடையாது. கார்பேஜ் கலெக்டர் (பயன்படாத ஆப்ஜெக்ட்டுகளை அகற்றும் பகுதி) வரும்வரை ஃபைல் திறந்தே கிடக்கும். கலெக்டரோ நினைவகம் எவ்வளவு செலவானது என்றுதான் பார்க்கும், எத்தனை ஃபைல் திறந்திருக்கிறது என்று பார்க்காது. ஃபைல் ஆப்ஜெக்ட் சின்னது. அதனால் கலெக்டர் வருவதற்கு முன்பே ஒரு பிராசஸ் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களுக்கு லினக்ஸ் வைத்த வரம்பு (பெரும்பாலும் 1024) தீர்ந்துபோகிறது.

எர்ரரோடு நின்றது உங்கள் நல்ல நேரம். ஃபைல்கள் குறைவாக இருந்திருந்தால் எர்ரரே வந்திருக்காது. எழுதியதன் கடைசிப் பகுதி ஃபைலுக்குப் போகாமல் பஃபரிலேயே (நினைவகத்தில் தற்காலிகமாகத் தங்கும் இடம்) தங்கியிருக்க, அடுத்த வரி அதே ஃபைலைப் படித்து அரைகுறைத் தரவை வாங்கியிருக்கும்.

ஒவ்வொரு ஓப்பனையும் ‘வித்’ பிளாக்குக்குள் வையுங்கள், பிளாக் முடிந்ததும் ஃபைல் தானாக மூடப்படும். விட்டுப்போன இடங்களைக் கண்டுபிடிக்க, சிபைத்தானை ‘-எக்ஸ் டெவ்’ கொடுத்து ஓட்டினால் ரிசோர்ஸ் வார்னிங் காட்டும். பைபையில் அதற்கு ‘-எக்ஸ் டிராக்-ரிசோர்ஸஸ்’. லூப்புக்குள், கலெக்டரை உடனே ஓட வைக்கும் ‘ஜிசி டாட் கலெக்ட்’ போடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் முழு ஹீப்பையும் (ஆப்ஜெக்ட்டுகள் இருக்கும் நினைவகம்) அலச வைத்தால், எந்த வேகத்துக்காகப் பைபைக்கு வந்தீர்களோ அது போய்விடும்.

கே: சிபைத்தானில் பெரிய லிஸ்ட்டை ‘டெல்’ செய்தும் பிராசஸின் நினைவகம் குறையவில்லையே?

ப: 512 பைட் வரையிலான கோரிக்கைகளுக்கு சிபைத்தான் தன் அரீனாக்களிலிருந்து (ஓஎஸ்ஸிடம் மொத்தமாக வாங்கிவைத்த நினைவகத் துண்டுகள்) இடம் தருகிறது. 64 பிட் கணினியில், 3.10 முதல், ஓர் அரீனா 1 எம்பி. அதில் ஒரே ஒரு ஸ்ட்ரிங் உயிரோடு இருந்தாலும் அந்த 1 எம்பி ஓஎஸ்ஸுக்குத் திரும்பாது. இது லீக் அல்ல, அடுத்த ஆப்ஜெக்ட்டுகளுக்கு அதே இடம் பயன்படும். கட்டாயம் குறைந்தாக வேண்டுமென்றால், கனமான வேலையைத் தனி பிராசஸில் ஓட்டி முடித்துவிடுங்கள்.

கே: சின்ன மைக்ரோகன்ட்ரோலர்களுக்கான மைக்ரோபைத்தானில் நினைவகம் மிச்சம் இருந்தும் மெமரி எர்ரர் வருகிறது.

ப: அதன் கலெக்டர் ஆப்ஜெக்ட்டுகளை நகர்த்தி அடுக்குவதில்லை. மிச்சம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். நீங்கள் கேட்கும் அளவுக்குத் தொடர்ச்சியான இடம் இருக்காது. பெரிய பைட்அரேயை புரோகிராம் தொடங்கியதும் ஒரே முறை ஒதுக்கி, ‘ரீட்இன்டு’ மூலம் அதையே திரும்பத் திரும்ப நிரப்புங்கள்.