தேருநர் இடாப்பில் பெயர்: கேட்டவர்களுக்குப் பதில்

கோண்டாவில் தம்பி: அடையாள அட்டை இருக்கிறதே, பிறகு ஏன் தனியாகப் பதிய வேண்டும்?

அட்டையில் இருப்பது அதை எடுத்த நாளில் இருந்த விலாசம். எங்கள் ஊரில் அதற்குப் பிறகு எத்தனை பேர் எத்தனை இடம் மாறியிருக்கிறோம்? இப்போது எங்கே வசிக்கிறீர்கள், எந்தச் சாவடியில் வாக்குப் போட வேண்டும் என்பதைத் தேருநர் இடாப்புத்தான், அதாவது வாக்காளர் பட்டியல்தான் சொல்லும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் போடாமல் தடுப்பதும் அதுதான்.

மானிப்பாய் அண்ணை: நான் வாக்குப் போடுவதே இல்லை. பதியாமல் விட்டால் யாருக்கு நட்டம்?

எல்லோருக்கும், அண்ணை. பாராளுமன்றத்தில் 225 பேர். 29 பேர் தேசியப் பட்டியல் (கட்சிகள் நாடு முழுவதும் எடுத்த வாக்கைப் பார்த்துக் கிடைப்பது), மாகாணத்துக்கு 4 பேர்படி 36 பேர், மிச்சம் 160 ஆசனங்களும் ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்திலும் பதிந்திருக்கிற வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகின்றன. வாக்குப் போட்ட தொகையை அல்ல, பதிந்த தொகையை! கிளிநொச்சியும் சேர்ந்த எங்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010 இல் 9 பேர், 2015 இல் 7, 2024 இல் 6. சனம் இடம்பெயர்ந்ததும் வெளிநாடு போனதும் பெரிய காரணங்கள், அதை நாங்கள் திருப்ப முடியாது, ஆனால் இங்கேயே இருந்துகொண்டு பதிவுப் படிவத்தை நிரப்பாமல் விடுகிறவரின் பெயரும் அந்தக் கணக்கில் இல்லாமல் போகிறது என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

சாவகச்சேரி அக்கா: மகன் கனடாவில் குடியேறிவிட்டான். அவன் பெயரையும் கொழும்பில் படிக்கிற மகளின் பெயரையும் எழுதலாமா?

மகன் பெயரை எழுதாதீர்கள் அக்கா. ஆசனம் குறைகிறதே என்ற கவலை எனக்கும் உண்டு, அதற்காகப் பொய்த் தகவல் கொடுக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வசதி 2024 தேர்தல்களிலும் இருக்கவில்லை. கொழும்பில் படிக்கிற மகள் லீவுக்கு வீட்டுக்குத்தானே வருகிறா, அவவின் பெயரை உங்கள் வீட்டிலேயே போடுங்கள். ஆனால் அங்கே விடுதியிலும் பதிந்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

நல்லூர் தங்கச்சி: எனக்கு இப்போதுதான் 18 வயது. அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டுமா?

தேவையில்லை. 2021 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வருட நடுவில் 18 ஆகிறவர்களையும் துணை இடாப்பில் சேர்க்கிறார்கள். விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேளுங்கள். படிவம் கொடுத்ததோடு நிற்காமல், இடாப்பைப் பார்வைக்கு வைக்கும்போது பிரதேச செயலகத்திலோ தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலோ பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அந்த நாட்களுக்குள் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். தேர்தல் அன்று சாவடியில் போய் நின்றால் யாரும் எழுதிச் சேர்க்க மாட்டார்கள்.