கேற்றடியில் ஒரு கடிதப் பெட்டி

கேள்வி: ஐயா, எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. மதிலில் இருந்த தகரக் கடிதப் பெட்டியைக் கறள் தின்று, அடி கழன்றுவிட்டது. அந்த இடத்துக்கு மரத்தில் ஒன்றை என் கையாலேயே செய்ய ஆசை. கூரையில் ஒரு தாமரை, முன்பக்கம் அப்பாவின் பெயர். எந்த மரம் எடுக்கலாம்? எங்கே பிழை விடுவேன்?
(வாசகி ஒருவர், கொழும்பு 6)

பதில்: தாமரையில்தான் பிழை விடுவீர்கள், தங்கச்சி. நானும் அங்கேதான் விட்டேன்.

என் முதல் பெட்டியின் மூடியில் எட்டிதழ்த் தாமரை ஒன்று செதுக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஒக்டோபர் வந்தது, பின்னேர இடிமழையும் வந்தது. குழித்துச் செதுக்கிய இதழ் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணம்தானே? தண்ணீர் அதில் நின்றது, வாணிஷ் வெடித்தது, நார் வழியே ஈரம் உள்ளே இறங்கியது. கரண்ட் பில்லோடு ஒரு கலியாணக் கார்டும் கூழாகிக் கிடந்தது. யாருடைய கலியாணம் என்றுகூட வாசிக்க முடியவில்லை. பிறகு தெரிந்தது, அந்த வீட்டாருக்கு இன்னும் என்மேல் கோபம்.

ஆகவே கூரைப் பலகை வழுவழுப்பாக, முன்னால் சரிந்து இருக்கட்டும். முன்பக்கம் இரண்டு அங்குலம், பக்கங்களில் ஒரு அங்குலம் வெளியே நீட்டிவிடுங்கள். பலகையின் அடியில், முன் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, நீளத்துக்கு ஒரு மெல்லிய காடி வெட்டுங்கள். விளிம்பைச் சுற்றி அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் தண்ணீர் காடியைத் தாண்டாது, அங்கேயே சொட்டிவிடும். தாமரையைப் பெட்டியின் கதவில், கூரையின் நிழலுக்குள் வையுங்கள்.

மரம் பலா. பழைய வீடு இடிக்கும்போது கழற்றிய கதவு நிலை, யன்னல் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். அது நன்றாகக் காய்ந்த மரம், இனிக் கோணாது. கிடைக்காவிட்டால் மொறட்டுவை மரக்காலைகளில் தேக்கோ மகோகனியோ பாருங்கள். சாதாரண பிளைவூட் வேண்டாம், இரண்டு மழையில் அப்பளம்போல் உரியும்.

பெரிய ஏ4 உறை 324க்கு 229 மில்லிமீற்றர். அது மடங்காமல் இறங்க வேண்டுமானால் வாய் 25 சென்ரிமீற்றர் அகலம், உள்ளுயரம் 36 சென்ரிமீற்றர் வேண்டும். வாய்க்குக் கட்டாயம் ஒரு மடல் போடுங்கள். போடாவிட்டால் பல்லி முட்டையிடும், குளவி கூடு கட்டும், தபால்காரர் உங்களைத் திட்டுவார். அடியில் நான்கு சிறு துளைகள் போடுங்கள். மதிலோடு ஒட்டப் பூட்டாமல் பின்னால் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியும் விடுங்கள். கதவைச் சுற்றி இரண்டு மில்லிமீற்றர் இடம் இருக்கட்டும். மழைக்காலத்தில் மரம் ஊதும்.

உங்கள் பக்கம் உப்புக்காற்று. இரும்பாணி அடித்தால் கறள் கறுப்புக் கோடாக வடியும். பிணைச்சலும் திருகாணியும் பித்தளையில் வாங்குங்கள், பழைய சோனகத் தெருவில் சில்லறையாகவே கிடைக்கும். பித்தளை மென்மையானது, பலாவுக்குள் முறுக்கினால் தலை கையோடு வந்துவிடும். துளை போட்டு, முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை முறுக்கிக் கழற்றுங்கள். அப்புறம் பித்தளையைச் சவர்க்காரத்தில் ஒரு தரம் தேய்த்து ஏற்றுங்கள்.

அப்பாவின் பெயரைக் காபன் தாளால் பலகையில் பதித்து, மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு மட்டும் செதுக்குங்கள். நாருக்குக் குறுக்கே போகும் கோடுகளை முதலில் வெட்டிவிட்டுத்தான் நாரோடு போகும் கோடுகளைத் தொட வேண்டும். மாறிச் செய்தால் நார் கிழிந்து பக்கத்து எழுத்துக்குள் ஓடும். ட, ப சொன்னபடி கேட்கும். ண, ன பொல்லாதவை, சுழிக்குள் நிற்கும் சின்னத் துண்டு டக்கென்று தெறிக்கும். பெயரில் அவை இருந்தால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், கழிவுத் துண்டில் நாலு தரம் பழகுங்கள்.

வெளிப்புற வாணிஷ் மூன்று பூச்சு. நாருக்குக் குறுக்கே அறுத்த வெட்டுமுகங்களுக்கு இன்னும் இரண்டு, தண்ணீரை உறிஞ்சுவது அந்த முகம்தான்.

கேள்வி: துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் மரத் தட்டுகளின் (பலட்) பலகை மலிவாகக் கிடைக்கிறது. கடிதப் பெட்டிக்கு ஆகுமா?
(வாசகர் ஒருவர், கொட்டாஞ்சேனை)

பதில்: பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள் தம்பி. எச்.டி. (HT) என்றிருந்தால் சூடாக்கிய மரம், மரத்தின் நடுவரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருப்பார்கள். எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை போட்டது, அதை விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறை பிடித்ததும் வேண்டாம். ஆணி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகே சீவுளியை வையுங்கள். நான் ஒன்றை மறந்து சீவுளி அலகையே மாற்ற வேண்டி வந்தது. இந்தப் பலகை பெரும்பாலும் மெதுமரம் என்பதால் வாணிஷ் வேண்டாம், பெயின்ற் அடியுங்கள்.