சுற்றுலாக் குழுக்களுக்கு மேடை நாடகம் விற்கும் வேலையில் எதிர்காலம் உண்டா? தோட்டப்புறத்தில் இருந்துகொண்டே செய்ய முடியுமா?

உண்டு. தோட்டப்புறத்தில் இருந்தே செய்யவும் முடியும். நான் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பத்தாங் பெர்சுந்தையில் இருந்துதான் செய்கிறேன். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய அதே ஊர்தான், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கோலாலம்பூரில் மொத்தமாக டிக்கெட் விற்கும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். இப்போது எங்கள் வட்டாரத்து நாடகக் குழுவுக்குப் பயணக் குழுக்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் என் தொழில். உங்களுக்கு நடிக்க வராது, ஆனால் நாடகத்தை விட்டு இருக்க முடியாது என்று கேள்வியில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பிடிப்போடு கொஞ்சம் கணக்கும் தெரிந்தால் போதும்.

முதலில், யாரிடம் விற்கிறோம் என்பதைப் பாருங்கள். பேருந்திலிருந்து இறங்கும் பயணி அன்றைக்கு எதைப் பார்ப்பார் என்பது பல மாதங்களுக்கு முன்பே முடிவாகியிருக்கும். சென்னையிலோ ஷாங்காயிலோ மெல்பர்னிலோ உட்கார்ந்து பயணத் திட்டம் எழுதுகிறவரும், அவருக்காக இங்கே பேருந்து, ஓட்டல், வழிகாட்டி எல்லாம் ஏற்பாடு செய்கிற உள்ளூர் ஏஜெண்டும் முடிவு செய்தது அது. அவர்கள் கதையைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பார்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், 44 பேர் உட்காரும் பேருந்தை எங்கே நிறுத்துவது, கழிப்பறை எத்தனை, மழை பெய்தால் எங்கே உட்கார வைப்பது என்பதெல்லாம் முதல் கேள்விகள். நாம் விற்பது அவர்களுடைய நாளில் ஒரு மணி நேரத்தை. இதைப் புரிந்துகொண்டவருக்கு மற்றதெல்லாம் வழிக்கு வரும்.

எங்கள் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் கோலாலம்பூரிலிருந்து வரும் பேருந்து புக்கிட் மலாவத்திக் குன்றில் குரங்குகளைக் காட்டும், பாசிர் பெனாம்பாங்கில் கடலுணவுச் சாப்பாடு போடும், நன்றாக இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் மின்மினிகள் பார்க்கப் படகேற்றும். நம் நாட்டில் ஏழரை மணி ஆகாமல் இருட்டாது. மின்மினிக்குப் பிறகு யாரையும் நாடகத்தில் உட்கார வைக்க முடியாது, களைத்துப்போயிருப்பார்கள், திரும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் வேறு இருக்கிறது. ஆனால் குரங்குக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே, நாலே முக்காலிலிருந்து ஆறு மணிவரை அந்தப் பேருந்துக்கு வேலை கிடையாது. பழைய ரப்பர்த் தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் எங்கள் நாடகம் 50 நிமிடம். அந்த இடைவெளியை அளந்து எழுதப்பட்டது.

பாலியில் உலுவாத்து கோயில் பக்கம் கெச்சாக் ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? இராமாயணக் கதை. சூரியன் மறையும் நேரத்தில் நாள்தோறும் நடக்கும். இன்று உண்டா இல்லையா என்று எந்த ஏஜெண்டும் போன் போட்டுக் கேட்பதில்லை, திட்டத்தில் எழுதிவிட்டுப் போகிறார். நாம் தினமும் நடத்த முடியாவிட்டாலும் கிழமையை மாற்றாமல் இருக்கலாம். புதன், சனி என்று சொன்னால் பத்துப் பேர் வந்தாலும் திரை விலக வேண்டும். ஒரு முறை ரத்து செய்தால் அந்த ஏஜெண்ட் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் நம்மைச் சேர்க்க மாட்டார்.

பணத்தைப் பற்றி. ஏஜெண்டுக்குக் கொடுப்பது நெட் விலை, அதன் மேல் அவர் தன் இலாபத்தை வைத்துக்கொள்வார். வாசலில் 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கும் டிக்கெட்டை 30 வெள்ளிக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது பேருக்கு ஒருவர் இலவசம் என்றால், 40 பேர் வந்தால் 38 பேருக்குத்தான் காசு: 1,140 வெள்ளி. வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் தேநீர், மண்டப வாடகை, கேளிக்கை வரி எல்லாம் இதற்குள்ளேதான். வரியும் அதற்கான விலக்கும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், ஊராட்சி மன்றத்தில் நேரில் போய்க் கேளுங்கள். நான் கணக்கு எழுதும்போது முதல் வரியில் நடிகர்களின் சம்பளத்தை எழுதுவேன், மற்றதெல்லாம் அதற்குக் கீழே. மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்று நினைக்கிற குழுவுக்கு நான் விற்க மாட்டேன். சொன்ன விலையை ஓராண்டுக்கு ஏற்றவும் கூடாது, அவர்கள் அதை அச்சடித்துவிடுவார்கள்.

இன்னொன்று, இடம் பிடித்து வைப்பது. குழு உறுதி செய்ய ஒரு கடைசி நாள் குறித்து, முன்பணமும் வாங்கிவிடுங்கள். சீனாவின் அக்டோபர் முதல் வார விடுமுறைக்கு ஒரு நிறுவனம் மூன்று பேருந்துகளுக்கு இடம் பிடித்துவிட்டு, நாலு நாள் இருக்கும்போது வரவில்லை என்றது. முன்பணம் இருந்ததால் நடிகர்களுக்குக் கொடுக்க முடிந்தது.

டிக்கெட்டை மட்டும் விற்பதோடு நில்லுங்கள். பேருந்தையும் தங்குமிடத்தையும் சேர்த்துத் தொகுப்பாக விற்க 1992-ஆம் ஆண்டின் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். மாட்டா என்கிற மலேசியப் பயண நிறுவனங்கள் சங்கத்தின் கண்காட்சியில் கடை போடச் சொல்வார்கள். அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்குப் போக நினைக்கிற நம்மவர்கள், அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

பருவம் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை. ஜூனிலும் ஆண்டுக் கடைசியிலும் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியரும் சீனரும் விசா இல்லாமல் வரலாம் என்றானதும் எங்களுக்குக் கேட்பு கூடியது. நோன்பு மாதத்தில் ஓட்டுநர்களுக்கு நோன்பு திறக்க இடம், பேரீச்சம்பழம், தண்ணீர் தயாராக வையுங்கள். நமக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறவர்கள் அவர்கள்தான்.

இனி எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். எதை விற்கப்போகிறீர்கள்? “கரகம், காவடி, ஒரு கோலாட்டம், இருபது நிமிடம் போதுமே” என்பார்கள். இன்னும் சிலர், “தோட்டத்தில் அடிவாங்குகிற காட்சியைக் கூட்டுங்கள், ஆட்கள் அழட்டும்” என்பார்கள். இரண்டுக்கும் நான் சம்மதித்ததில்லை. எங்கள் நாடகத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு உண்டு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை உண்டு, காண்டா என்ற தோள் கழியில் ரப்பர்ப் பால் வாளி தூக்கி வரும் பெண்கள் பேசிச் சிரிக்கும் காட்சி உண்டு. அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள், வேலை வாங்கும் கங்காணியையே வாயடைக்க வைப்பவர்கள். லயம் என்ற தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்ந்த பாட்டிகள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். பால் வெட்டும் உளியை எப்படிப் பிடிப்பது, பால் வடியும் மங்குக் கிண்ணத்தை எப்படித் துடைப்பது என்று நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். நாடகம் முடிந்ததும் பத்து நிமிடம் பயணிகள் அந்த உளியைக் கையில் வாங்கிப் பார்க்கலாம், பாட்டிகளிடம் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வருகிற பெரியவர்கள் “எந்த ஊரிலிருந்து வந்தீங்க?” என்று பாட்டிகளைக் கேட்பார்கள். பாட்டி தன் தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அங்கே நடக்கிற பேச்சை வழிகாட்டிகள் அப்படியே போய் ஏஜெண்டிடம் சொல்கிறார்கள். எந்த விளம்பரமும் எனக்கு அவ்வளவு குழுக்களைக் கொண்டுவந்ததில்லை.

சுற்றுலாக்காரனுக்காக நாடகம் போட்டால் கலை கெட்டுவிடும் என்று சொல்வார்கள், கலங்காதீர்கள். நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் உட்காருகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வெளியூர்க்காரர்கள். கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள பங்கோங் பண்டாராயாவிலும், அந்நகரம் பிறந்த கதையைப் பயணிகளுக்கென்றே இசை நாடகமாக நடத்தினார்கள். அதில் வரும் மூன்று நண்பர்களில் ஒருவன் தமிழன்.

எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊருக்கு அருகில் பேருந்துகள் நிற்கிற இடம் எது என்று பாருங்கள். எங்களுக்குக் கம்போங் குவாந்தான் படகுத்துறை. பயணிகள் படகில் போயிருக்கும் நேரத்தில் ஓட்டுநர்களும் வழிகாட்டிகளும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு தே தாரேக் தேநீர் வாங்கிக் கொடுத்து, “அண்ணே, இன்னைக்கு எங்கெங்க போனீங்க, எங்க நேரம் மிச்சமாச்சு?” என்று கேட்டு, சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கதையையும் நடிகர்களையும் அதற்குப் பிறகு தேடலாம்.