இறந்தவள் மூச்சு விடுகிறாள்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடமாக லண்டனில் இருக்கிறேன். போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு பழைய தேவாலயத்தின் அடியில் இருக்கும் நிலவறைக்கு அழைத்துப் போனார். பர்செல் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் ‘டைடோவும் ஏனியாஸும்’ ஓபரா, அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம். மடக்கு நாற்காலிகளில் அறுபது பேர் உட்கார்ந்திருப்போம். ஐந்தே வாத்தியங்கள். டைடோவாகப் பாடியவர் கடைசியில் கிட்டத்தட்ட என் காலடியில் விழுந்து இறந்தார். இறந்த பிறகும் அவருடைய விலா ஏறி இறங்குவது தெரிந்தது. சங்கடமாகிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன். ஓபரா என்றால் பிரம்மாண்டம் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? கையில் பணமில்லாமல் சுருக்கிப் போடுவதையும் ஓபரா என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமா? அடுத்தது பெரிய அரங்குக்குப் போகட்டுமா?

சு.

அன்புள்ள சு.,

நீங்கள் பார்த்ததை யாரும் சுருக்கவில்லை. அந்த ஓபரா மொத்தமே ஒரு மணி நேரம்தான். 1680களில், செல்சியில் ஜோசையஸ் பிரீஸ்ட் என்ற நடன ஆசிரியர் நடத்திய பெண்கள் பள்ளியில் அதை நிகழ்த்தினார்கள். நமக்குச் சான்றுள்ள மிகப் பழைய நிகழ்வுகளில் அது ஒன்று. ஓபராவே அறைக்குள் பிறந்த கலை. இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபேயோ’ 1607இல் இத்தாலியின் மான்டுவா அரண்மனைக்குள் அழைக்கப்பட்ட விருந்தினர்களுக்காக அரங்கேறியது. காசு கொடுத்தால் யாரும் போகலாம் என்ற முதல் ஓபரா அரங்கு வெனிஸில் திறந்தது 1637இல். நீங்கள் சொல்லும் பிரம்மாண்டம் அதற்கெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது.

சரி, அந்த விலாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஒரு வரிதான்.

கார்த்தேஜின் ராணி டைடோ. டிராயிலிருந்து தப்பி வந்த ஏனியாஸ் அவளைக் காதலிக்கிறான், பிறகு விட்டுவிட்டுக் கப்பலேறுகிறான். ரோமக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தில் அவள் சிதையேறி அவன் வாளாலேயே குத்திக்கொண்டு சாகிறாள். பர்செலுக்குப் பாடல் எழுதிய நேஹம் டேட், எப்படிச் சாகிறாள் என்று சொல்லவே இல்லை. தோழி பெலிண்டாவின் கையைக் கேட்டு வாங்குகிறாள், இருள் சூழ்கிறது என்கிறாள், பாடுகிறாள், அவ்வளவுதான். வாளும் நெருப்பும் கிடையாது. சாவு முழுவதையும் பாட்டே சுமக்கிறது.

அந்தப் பாட்டை இன்னொரு முறை கேளுங்கள். முதலில் கீழ்ஸ்தாயி வாத்தியம் மட்டும் அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும். ஐந்து மாத்திரைக் கட்டங்கள் கொண்ட அந்த ஒரே வரி பதினோரு தடவை திரும்பத் திரும்ப வரும். வரி முடியும் இடத்தில் அவள் வாக்கியம் முடியாது. அவள் பேச்சின் நடுவில் இருக்கும்போதே அது மறுபடி மேலே போய் இறங்கத் தொடங்கிவிடும். ‘என்னை நினைவில் வை’ என்பதை முதலில் ஒரே சுரத்தில், ஏறக்குறைய பேச்சாகச் சொல்கிறாள். பிறகு அதே சொற்கள் மேலே ஏறுகின்றன. ‘ஆனால், ஐயோ, என் விதியை மறந்துவிடு.’ இதைப் பாடி முடிப்பவரின் நெஞ்சு காற்றுக்குத் தவிக்கும். அதே நேரத்தில் அவர் பிணமாகக் கிடக்க வேண்டும். அவள் கல்லறை மேல் ரோஜாக்களைத் தூவச் சொல்லி கோரஸ் பாடும் அந்தச் சில நிமிடங்கள் முழுக்க அசையாமல் கிடக்க வேண்டும்.

நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். அங்கே அந்த விலா யாருக்கும் தெரியாது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அதைக் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கொடுத்துத் தீர்த்தது என்னவென்று உங்கள் காலடியில் தெரிந்தது. செத்தவளாக நடிக்கும் ஒரு பெண், உங்கள் முன்னால் உயிரோடு இருப்பதை மறைக்க முடியாமல் கிடக்கிறாள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேறு எந்த இடத்தில் முடியும்?

நிலவறை எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஓபராக் குரல் மைக் இல்லாமல் ஒரு பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி ஒலிப்பதற்காகப் பழக்கப்பட்டது. 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில் அதன் வலுவைத் திரட்டி வைப்பார்கள். அதைத் தாழ்ந்த கல் வளைவுக்குள் முழுசாகத் திறந்தால் காது கூசும். இந்த ஓபராவில் வரும் சூனியக்காரிகளின் வேகமான பாட்டுகள் எதிரொலியில் குழம்பிப் போகும். அறுபது பேரின் மூச்சில் ஈரம் ஏற ஏற பியானோவுக்கு முந்தைய தந்தி வாத்தியமான ஹார்ப்சிகார்ட் சுருதி விலகும். நல்ல குழுக்கள் குரலைச் சுவருக்கு ஏற்றபடி தணிப்பார்கள். அப்போதுதான் மெய்யெழுத்துகள் காதில் விழும்.

இடமும் தன் பங்குக்குப் பேசும். தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் பொறியாளர் மார்க் புரூனெல் தோண்டிய சுரங்கத்துக்குள் இறங்க ராதர்ஹித்தில் வெட்டிய கிணறு போன்ற குழியில் ஒரு முறை ஓபரா கேட்டேன். சுமார் 50 அடி அகலம், புகை படிந்த சுவர். தரைக்குக் கீழே இன்றும் ரயில் ஓடுகிறது. பாடகி இழுத்து நிறுத்திய ஒரு சுரத்துக்கு அடியில் ரயில் உறுமிப் போனது. அவர் நிறுத்தாமல் அது போகும்வரை அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் பக்கத்திலிருந்த முதியவர் முழங்காலை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். 2019இல் புரூக்ளினில் கிரீன்-வுட் கல்லறைத் தோட்டத்தின் நிலவறையில் இதே டைடோவைப் போட்டார்கள். ‘மண்ணில் என்னைக் கிடத்தும்போது’ என்ற வரியை உண்மையான கல்லறைப் பெட்டகங்களுக்கு நடுவே பாடுவது! அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஒரு மனம் சொல்கிறது. இடம் இவ்வளவு பொருந்தினால் பாடுபவருக்கு வேலை குறைந்துவிடுமோ என்று இன்னொரு மனம் பயப்படுகிறது.

பெரிய அரங்குக்கும் கட்டாயம் போங்கள். வெர்டியின் ‘ஐடா’வுக்குப் போங்கள். 1871இல் கெய்ரோவில் அரங்கேறியது. அதில் வரும் வெற்றி ஊர்வலத்தை நிலவறையில் போடவே முடியாது, அதற்கு அந்தக் கூரையும் அந்தக் கூட்டமும் வேண்டும். ஆனால் அதன் கடைசிக் காட்சியில் மேடை இரண்டு தளமாகப் பிரியும். மேலே கோயில், கீழே மூடப்பட்ட பாதாளக் கல்லறை, அதற்குள் காதலர்கள் ராதமேஸும் ஐடாவும். ‘மண்ணே, விடைகொடு’ என்று மிக மெல்லப் பாடிக்கொண்டே காற்றில்லாமல் சாகிறார்கள். அத்தனை பேரை அடைத்துப் போட்ட மேடையில் கடைசியாக மிஞ்சுவது இருவர் மூச்சு. அதை நான்காம் மாடியிலிருந்து பாருங்கள். இந்தத் தடவை குனியாதீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்த நிலவறையை நினைத்தீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டும்.